கொக்குன்னு பேர் வச்சது நான்தான்

குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னு சொன்னீங்கள்ல, எங்க கேட்டிருப்பீங்கன்னு நான் சொல்றேன் சார். டிவியில கபடி பாப்பீங்களா? மூணு வருசத்துக்கு முன்னாடி லீக் நடந்தப்ப தமிழ்ல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தான்ல, அது நான்தான். கலியமூர்த்தி. இந்தப் பக்கம் மைக் மூர்த்தின்னாதான் தெரியும். ஒரத்தநாட்டுலேர்ந்து பேராவூரணி வரைக்கும் எந்தக் கிரவுண்டுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இப்ப கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. அதை விடுங்க. பொறாமை.

அந்தப் பையை இப்படிக் கீழ வைங்க சார், காலை நீட்டிக்கலாம். பஸ்ஸு தஞ்சாவூர் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆவும்.

நான் சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் குழாய் கட்டுவேன். ஒரு தடவை கபடிக்கு செட் கட்டப் போன எடத்துல, பேச வேண்டிய வாத்தியார் வரல. நீயே பேசுய்யான்னுட்டாங்க. பேசினேன். அன்னைக்குப் புடிச்ச மைக்கை இருபத்திரண்டு வருசம் விடல சார். ஆட்டம் பாக்க வர்ற கூட்டத்துல பாதி என் பேச்சைக் கேக்கத்தான் வரும். நானா சொல்லல, ஊர்ல சொன்னதைச் சொல்றேன்.

நான் பேர் வச்சா அந்தப் பேர் ஒட்டிக்கும். அப்படி வச்ச பேர்தான் கொக்கு. தென்னவன்னு ஒரு பையன், எங்க ஊர்க்காரன், காத்தையன் மகன். காத்தையன் அரிசி மில்லுல மூட்டை தூக்குறவரு. நானும் அவரும் ஒண்ணா மாடு மேச்சவங்க, அந்தப் பழக்கத்துல பய என்னை சித்தப்பான்னுதான் கூப்பிடுவான். பதினேழு வயசுல ஆட வந்தான். ஆளு குச்சி, காலு மட்டும் நீட்டு. கபடி கபடின்னு பாடிப் போவான், ஒத்தக் கால்ல அப்படியே நிப்பான், எதிராளு அசந்த நேரம் இன்னொரு காலை நீட்டி போனஸ் கோட்டுல ஒரு குத்து குத்திட்டு வந்துடுவான். நான் மைக்குல, ‘கொக்கு நிக்குது பாருங்க, மீன் எங்க இருக்கு பாருங்க’ன்னேன். அவ்வளவுதான். மறுநாள்லேர்ந்து ஊரே கொக்குன்னுது. அவன் பனியன்லயும் கொக்குன்னு அடிச்சிக்கிட்டான்.

அந்தக் கொக்கை மன்னார்குடி காலேஜ் ஒண்ணு ஃபீஸ் இல்லாம சேத்துக்கிட்டுது. வகுப்புக்குப் போக வேணாம், ஆடினாப் போதும். காலேஜ் வாசல்ல அவன் படத்தைப் பெருசா வச்சி அட்மிஷன் போட்டாங்க. மூணு வருசம் கப்பு வாங்கிக் குடுத்தான். அங்கேர்ந்துதான் லீக்குல ஏலத்துக்கு அவன் பேர் போச்சு, ஒரு டீம் எடுத்துக்கிட்டுது. ஊர்ல வெடி போட்டோம்.

அதே வருசம் எனக்கும் போன் வந்துச்சு சார். சென்னையிலேர்ந்து ஷர்மிளான்னு ஒரு மேடம். என் மக வயசுதான் இருக்கும், ஆனா மேடம்னுதான் கூப்பிடணும். கொக்கோட பழைய வீடியோ ஏதோ பாத்திருக்காங்க, அதுல என் குரலைக் கேட்டிருக்காங்க. மண் வாசனை வேணும் சார், நீங்க வந்து பேசுங்கன்னாங்க. ஆக, அவனால நான் போனேன்னு சிலர் சொல்லுவாங்க. என் பேச்சு இல்லன்னா அந்த வீடியோவை யாரு பாத்திருப்பா? அதையும் யோசிக்கணும்ல.

சென்னைக்குப் போனப்பறந்தான் தெரிஞ்சுது, மேட்ச் நடக்குற எடத்துக்கு நம்மளை அனுப்ப மாட்டாங்க. மேட்ச் ஜெய்ப்பூர்ல நடக்கும், புனாவுல நடக்கும். நாம சென்னையில ஒரு குளிரு ரூம்புல, கோட்டு மாட்டிக்கிட்டு, டிவியைப் பாத்துப் பேசணும். காதுல ஒரு மிஷின் சொருகியிருப்பாங்க, அதுக்குள்ள மேடம் பேசிக்கிட்டே இருக்கும். ‘சார், எனர்ஜி. சார், சிமெண்ட் சொல்லுங்க.’ ஒரே பாட்டுல மூணு பேரை அடிச்சிட்டு வந்தா அது சூப்பர் ரெய்டு, ஆனா வெறும் சூப்பர் ரெய்டுன்னு சொல்லக் கூடாது, ‘கருந்தூண் சிமெண்ட் சூப்பர் ரெய்டு’ன்னு சொல்லணும். மறந்துட்டா அன்னைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. கொக்கோட டீம், அந்த சேனல், அந்த சிமெண்ட், மூணுக்கும் ஒரே மொதலாளி.

இன்னொண்ணு சொல்லிக் குடுத்தாங்க. நாலு செகண்டுக்கு மேல சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தா பாக்குற ஆளு வேற சேனலுக்குப் போயிடுவான். கிரவுண்டுல நான் சில சமயம் பேசாம விட்டுடுவேன் சார். ஆளு உள்ள போயிருக்கான், கூட்டமே மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருக்கு, அப்ப எதுக்குப் பேச்சு? அதெல்லாம் அங்க செல்லாது.

ரெண்டு சீசன் நல்லாத்தான் போச்சு. கொக்கு பேர் எடுத்தான், நானும் எடுத்தேன். மூணாவது சீசன்ல அரையிறுதி. கடைசி அஞ்சு நிமிசம், கொக்கு டீம் நாலு பாயிண்ட் பின்னாடி. பாடிப் போனான், ஒரு ஆளைத் தொட்டான், திரும்பி நடுக்கோட்டுக்கு வந்தான், வந்தவன் அப்படியே உக்காந்துட்டான். இடது முட்டியைப் புடிச்சிக்கிட்டு.

டாக்டர் ஓடுறாரு. ஆட்டம் நிக்குது. காதுல மேடம், ‘சார், ரெண்டு நிமிசம் கேப், விளம்பரம் போட முடியாது, டவுன் ஆக விடாதீங்க, ஜாலியா ஏதாவது சொல்லுங்க’ங்குது. ரெண்டு நிமிசம் சார். கூட உக்காந்திருந்தவரு பழைய ஆட்டக்காரரு, அவருக்குப் பேச்சு வராது, கோட்டைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் என்ன செய்வேன்?

பாப்பாநாட்டுல ஒரு தடவை கொக்கு இப்படித்தான் உக்காந்தான். பதினெட்டு வயசு அப்ப. எதிர் செட்டு வேகமா ஆடிக்கிட்டு இருந்துச்சு, அந்த வேகத்தைக் கெடுக்க ஐயோ அம்மான்னு உக்காந்துட்டு, ரெண்டு நிமிசம் கழிச்சி எழுந்து போயி மூணு பேரை அள்ளிட்டு வந்தான். அது ஞாபகம் வந்துச்சு. சொன்னேன். ‘நடிப்பு. சுத்தமான நடிப்பு. எங்க ஊரு கொக்கு சார் இது, எனக்குத் தெரியாதா? மீனை ஏமாத்துது. இப்ப எந்திரிக்கும் பாருங்க’ன்னேன். மேடம் காதுல சிரிக்குது. சூப்பர் சார், இன்னும் கொஞ்சம்ங்குது. இன்னும் கொஞ்சம் சொன்னேன். ஆஸ்கார் குடுக்கலாம்னேன். அவங்க அப்பன் காத்தையன் கூட நம்பி அழுதுக்கிட்டு இருப்பாருன்னேன்.

எந்திரிச்சான் சார். நான் சொன்ன மாதிரியே எந்திரிச்சான். கோச் வந்து அவன் காதுல ஏதோ சொன்னாரு, மொதலாளி முன் வரிசையில உக்காந்திருக்காரு, முட்டியில டேப்பைச் சுத்திக்கிட்டு மறுபடியும் பாடிப் போனான். ஒருத்தன் கணுக்காலைப் புடிச்சான், இவன் அந்தக் காலை ஊனித் திரும்பினான். அதுக்கப்பறம் எந்திரிக்கல. துணியில தூக்கிட்டுப் போனாங்க.

வீடியோ வந்துச்சு பாருங்க, அதுல அந்த ரெண்டாவது பாட்டு கெடையாது. உக்கார்றான், நான் நடிப்புங்கறேன், எந்திரிக்கிறான், அதோட முடிஞ்சிடும். பின்னாடி ஒரு சிரிப்புச் சத்தம் சேத்துவிட்டாங்க. சேனலே போட்டுது. ஒரே நாள்ல எத்தனை லட்சம் பேர் பாத்தாங்கன்னு மேடம் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கிளாஸ்ல கால் வலிக்குதுன்னு சொன்னா, பக்கத்துல இருக்கிறது ‘நடிப்புக் கொக்கு’ங்குமாம். என் வீட்டு வாசல்லயே ரெண்டு பேர் வந்து, அண்ணே அந்த நடிப்பு டயலாக்கைச் சொல்லுங்கன்னு போன்ல புடிச்சிக்கிட்டுப் போனாங்க. சொன்னேன். பேர் வந்தா வர்றது இதெல்லாம்.

நான் பேசினது மட்டும்தான் சார். தள்ளி விட்டேனா, காலைப் புடிச்சேனா? ஆயிரம் மைல் தள்ளி குளிர் ரூம்புல உக்காந்திருந்தவன்.

அப்பறம் ஒரு கடுதாசி விஷயம் இருக்கு. அதைத்தான் ஊர்ல பெருசாப் பேசுறாங்க. சீசன் முடிஞ்சி ஒரு மாசம் இருக்கும். மேடம் கூப்பிட்டாங்க. டீம் ஆபீஸ்ல ஒரு விவரம் கேக்குறாங்க சார், நீங்க அவரைச் சின்ன வயசுலேர்ந்து பாத்தவரு, அவருக்கு முட்டியில பழைய அடி ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னேன். பாப்பாநாட்டுக்கு அடுத்த வருசம் திருவோணத்துல ஒரு மேட்ச்ல விழுந்து, ரெண்டு மாசம் ஆடாம கெடந்தான். அதே இடது முட்டி. நாட்டு வைத்தியம்தான் பாத்தாங்க. அதை எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன். அடுத்த சீசனுக்கு என்னை எடுத்துக்கிற ஒப்பந்தப் பேப்பரும் சேந்து வரும்னு மேடம் சொன்னாங்க. அதுக்காகக் குடுக்கல சார். கேட்டாங்க, குடுத்தேன். உண்மையைத்தான எழுதினேன்? ஒரு வார்த்தை பொய் கெடையாது அதுல.

அதை வச்சிக்கிட்டு டீம்காரங்க, இது பழைய அடி, ஆடும்போது பட்டதில்ல, ஆபரேஷன் எங்க பொறுப்பில்லன்னுட்டாங்க. அந்த வார்த்தையையும் உடனே சொல்லல. பாக்குறோம் பாக்குறோம்னு ஏழு மாசம் இழுத்தாங்க. டாக்டர் ஆறு வாரத்துக்குள்ள அறுக்கணும்னு சொல்லியிருந்தாராம். எட்டாவது மாசம் காத்தையனே எங்கயோ கூட்டிக்கிட்டுப் போயி அறுத்தாரு. நடக்குறான். மடக்க வராது. ஒரு பேங்க் செட்டுல விளையாட எடுத்துக்கிறோம், வேலையும் தர்றோம்னு சொல்லி வச்சிருந்தாங்க, உடம்பு டெஸ்ட்ல அதுவும் போச்சு. காலேஜுல போயிக் கேட்டிருக்கான், ஏதாவது கோச்சாப் போடுங்கன்னு. வாசல்ல அப்ப வேற பையன் படம் இருந்துச்சாம். டிகிரி இருக்கான்னாங்களாம். வகுப்புக்கே விடாம ஆட வச்சா டிகிரி எங்கேர்ந்து வரும்? இப்ப அப்பா வேலை பாக்குற மில்லுலயே எடை போடுற மேசையில உக்காந்திருக்கான். இருபத்தஞ்சு வயசு.

என் கதையைக் கேளுங்க. அடுத்த சீசன் பேப்பர் வந்துச்சா? வரல. போன் பண்ணா மேடம் எடுக்கல. அப்பறம் டிவியைப் போட்டுப் பாத்தா, என் நாற்காலியில ஒரு சீரியல் நடிகர் உக்காந்திருக்காரு. கபடியில பாயிண்ட் எடுத்தா ‘கோல்’ங்கறாரு சார். கோலாம். போனஸ் கோடு எதுன்னு தெரியல அந்தாளுக்கு. எனக்கு வயிறு எரிஞ்சிது. இருபத்திரண்டு வருசம் வெயில்லயும் புழுதியிலயும் நின்னு பேசினவனுக்கு இதுதான் மரியாதையா?

சரி, நம்ம ஊர் இருக்கு, நம்ம கிரவுண்டு இருக்குன்னு திரும்பி வந்தேன். யாரும் கூப்பிடல. தைக்கு எங்க ஊர்லயே டோர்னமென்ட், எனக்கு நோட்டீஸ் கூடக் குடுக்கல. புதுக்கோட்டையிலேர்ந்து ஒருத்தனைக் கூட்டியாந்தாங்க, அவன் என் குரல்லதான் பேசுறான், என் வார்த்தையைத்தான் சொல்றான். நான் டீக்கடையில நின்னு கேட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். டிவிக்குப் போயிட்டு வந்தவன்னா ஊர்க்காரனுக்குப் பொறாமை இருக்கத்தான் செய்யும். வேற என்ன காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

இப்ப ஒரு யூடியூப் சேனல்காரங்க வந்திருக்காங்க. மறந்துபோன ஆளுங்களைத் தேடிப் புடிச்சிப் பேட்டி எடுக்குறாங்க, நல்லா ஓடுது. என்னைக் கேட்டாங்க. ஆனா ஒரு கண்டிசன். நான் மட்டும்னா வேணாமாம், கொக்கும் சேந்து வரணுமாம். ரெண்டு பேரையும் பழைய கிரவுண்டுல நிக்க வச்சி, அவன் ஒரு தடவை பாடிப் போகணும், நான் பக்கத்துல நின்னு அன்னைக்குப் பேசின மாதிரியே பேசணும். இது ஓடிச்சின்னா எனக்கு வேற எடத்துல மைக் கெடைக்கும் சார், நிச்சயமாக் கெடைக்கும். அதுக்காகத்தான் இன்னைக்குக் காலையில அவன் வீட்டுக்குப் போனேன். மூணு வருசத்துல இப்பதான் அந்த வாசல் ஏறுறேன்.

ஏதாவது சொல்லுவான்னு நெனச்சேன். ஆனா, வாங்க சித்தப்பான்னான். நாற்காலியை அவனே தூக்கியாந்து போட்டான், அந்தக் காலை இழுத்துக்கிட்டு. அவங்கம்மா டீ வச்சிக் குடுத்துட்டு உள்ள போயிடுச்சு, வெளிய வரல. நான் விஷயத்தைச் சொன்னேன். ஓடியெல்லாம் போக வேணாம்ப்பா, மெதுவா நடந்தாக்கூட போதும், அவங்க கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்குவாங்கன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தான்.

கேட்டு முடிச்சிட்டு, “சித்தப்பா, அன்னைக்கு நான் உக்கார்றதுக்கு முன்னாடி என் முட்டி திரும்பினது டிவியில தெரிஞ்சுதா?”ன்னான்.

கோவமாக் கேக்கல சார். தெரிஞ்சிக்கணும்னு கேக்குற மாதிரி கேட்டான்.

நான் என்ன சொல்றது? தெரிஞ்சுதுன்னா, அப்பறம் ஏன் நடிப்புன்னீங்கம்பான். தெரியலன்னா, இத்தனை வருசம் ஆட்டம் பாத்தவன் கண்ணு என்ன கண்ணுன்னு ஆவும். “கவனிக்கலப்பா”ன்னேன். அவன் தலையை ஆட்டினான். சரின்னான்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க தஞ்சாவூர்ல எறங்கிடுவீங்க. பாத்தேன். எங்க ரூம்புல திருப்பித் திருப்பிப் போட்டாங்களே, பெரிய டிவி, முட்டி மட்டும் தனியா. கால் ஒரு பக்கம் இருக்கு, முட்டி ஒரு பக்கம் போவுது. பாத்துட்டேன். அப்பதான் மேடம் ஜாலியா ஏதாவதுன்னுது. வாய் பேசிடுச்சு சார். ரெண்டு நிமிசம் யாராவது பேசியாகணும். நான் பேசலன்னா வேற ஒருத்தன் பேசியிருப்பான்.

பையன் வர்றேன்னுட்டான். புதன்கிழமை காலையில கிரவுண்டுக்கு வர்றேன் சித்தப்பான்னான். எதுக்கு வர்றான்னு நான் கேக்கல. அவனுக்கும் நாலு பேர் தன்னைப் பாக்கணும்னு இருக்காதா? நல்ல பையன் சார். மனசுல ஒண்ணும் வச்சிக்கல. ஊர்லதான் என்னமோ பேசுறாங்க.

நான் கெளம்பினப்ப காத்தையன் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே வந்தாரு. வெயிலு. நான்தான் மில்லு எப்படிப் போவுது, மழை உண்டான்னு எதையாவது கேட்டுக்கிட்டே வந்தேன், நமக்குச் சும்மா இருக்க வராதுல்ல. அவரு தரையைப் பாத்துக்கிட்டே வந்தாரு. இந்த பஸ்ஸு தூரத்துல வர்றப்பதான் என் கையைப் புடிச்சாரு. மூட்டை தூக்குற கை, காய்ச்சுப் போயிக் கெடக்குது.

“மூர்த்தி, புதன்கிழமை பேசுறப்ப, அவன் அன்னைக்கு நடிக்கலன்னு ஒரு தடவை சொல்லிடு. ஒரே ஒரு தடவை போதும்”னாரு.

சொல்றேன்னேன். சத்தியமாச் சொல்றேன் காத்தையான்னு சொல்லிட்டுத்தான் ஏறினேன். அவரு பஸ்ஸு நகர்ற வரைக்கும் அங்கயேதான் நின்னாரு.

ஆனா உங்களுக்குப் புரியும் சார், நாலு எடம் போறவரா இருக்கீங்க. சேனல்காரங்க தலைப்பே போட்டுட்டாங்க, எனக்குப் போன்ல அனுப்பியிருக்காங்க. ‘நடிப்புக் கொக்கு இப்ப என்ன செய்யுது?’ அதுதான் தலைப்பு. அதுக்குத்தான் ஆளுங்க பாப்பாங்க. அதுல போயி நான் அவன் நடிக்கலன்னு சொன்னா, அப்பறம் அவங்களுக்கு என்ன இருக்கு? இதை ஒரு அப்பன்கிட்ட எப்படிச் சொல்றது?

சொல்லத்தான் போறேன். மொதல்ல சொன்னா நிறுத்திடுவாங்க. எல்லாம் முடிஞ்சப்பறம், கடைசியா, ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு இருக்கேன். கடைசியில பேசுறதை அவங்க வெட்டிடுவாங்க. ஆனா நான் சொல்லியிருப்பேன்ல சார்?